ரொட்டி டின்னும் எட்டுத் தையல் மெஷினும்

மலேசியாவின் பீடோங்கில் எங்கள் தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) பொதுமண்டபத்தின் பின்னறையில் ஏழு தையல் மெஷின்கள் கிடக்கின்றன, வந்தவை எட்டு. நான்கின் மேல் பந்தி நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். ஒன்றின் மோட்டார் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றின் மேல் மண்டபம் கூட்டும் பாட்டி தன் வெற்றிலைப் பெட்டியை வைத்துக்கொள்கிறார். நல்ல உயரம், குனிய வேண்டியதில்லை என்கிறார்.

2018இல் அவை லாரியில் வந்து இறங்கிய நாளில் மேளம் மட்டும்தான் குறை. ஒரு பெரிய நிறுவனத்தின் சமூகப் பொறுப்புத் திட்டம். மேடைக்குப் பின்னால் பதினேழு வண்ணக் கட்டங்கள் போட்ட பதாகை. 2015இல் ஐக்கிய நாட்டுச் சபை ஏற்றுக்கொண்ட, 2030க்குள் எட்ட வேண்டிய நிலைத்த வளர்ச்சி இலக்குகள் அவை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஒருவரையும் பின்னால் விட்டுவிடக் கூடாது என்பது அதில் முக்கியமான வாக்குறுதியாம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இருபத்தைந்து பெண்களின் பெயர் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அந்தப் பட்டியலை எழுதிக் கொடுத்தவள் நான். அதனால் இந்தக் கதையில் முதல் குற்றவாளியும் நான்தான்.

வகுப்பு செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு. எங்கள் தாமானில் காலை பத்து மணிக்குச் சும்மா இருக்கும் பெண் யார்? பக்கத்துத் தோட்டத்தில் குத்தகைக்காரரிடம் மருந்தடிக்கப் போகிறவர்கள் ஆறு மணிக்கே லாரி ஏறிவிடுவார்கள். சுங்கை பட்டாணித் தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்குப் பன்னிரண்டு மணிநேர ஷிப்ட். மூன்றாவது வரிசை வீட்டில் படுக்கையிலேயே இருக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு அம்மா. வாசலுக்கு வெளியே அவரைப் பார்ப்பதே அபூர்வம். இவர்களெல்லாம் பட்டியலில் இருந்தார்கள், வகுப்பில் இல்லை. வகுப்பில் இருந்தவர்கள் என்னைப் போன்றவர்கள்: ஓய்வுபெற்றவர்கள், புருஷன் சம்பாத்தியம் ஓரளவுக்கு இருப்பவர்கள். நான் ஒரு தலையணை உறை தைத்தேன். இன்றைக்கும் அது கோணல்தான்.

தைத்ததை யாரிடம் விற்பது என்றும் யாரும் கேட்கவில்லை. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் தைத்த ரவிக்கை வாங்கும் விலைக்கு எங்களுக்குத் துணியே கிடைக்காது. மூன்று மாதத்தில் வகுப்பு முடிந்தது, படம் எடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். பயன் பெற்றவர் ஒருவர் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிச் சீருடைக்கு ஓரம் மடித்துக் கொடுக்கும் ஒரு தங்கச்சி, ஒரு மெஷினை வீட்டுக்கு எடுத்துப்போய் இன்றும் ஓட்டுகிறாள். அவளுக்கு முன்பே தைக்கத் தெரியும்.

வகுப்பின் கடைசி வாரம், மத்தியானம் ஒரு மணிக்கு, முழங்கால்வரை பூட்ஸோடு ஒரு அக்கா மண்டபத்து வாசலில் வந்து நின்றார். மருந்தடிக்கிறவர், தாமானில் எல்லோரும் மருந்தக்கா என்றே கூப்பிடுவோம்.

"கிளாஸ் முடிஞ்சிருச்சாம்மா?"

"முடிஞ்சிருச்சுக்கா. நீங்கதான் ஒரு நாளும் வரலையே?"

"தையலுக்கு வரல. நீ ஆபிஸ்ல கணக்கு எழுதினவதானே. இந்தக் கடுதாசியைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

மடித்து மடித்து நான்காகக் கிழியும் நிலையில் இருந்த மலாய்க் கடிதம். அவருடைய ஊழியர் சேமநிதிக் கணக்கிலும் ஐசியிலும் (அடையாள அட்டை) பெயர் எழுத்து ஒத்துப்போகவில்லை, பத்திரங்களோடு நேரில் வாருங்கள் என்று இரண்டே வரி. நான்கு மாதமாக அதைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்திருக்கிறார். யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒரு நாள் கூலி போகும். போயும் திருப்பி அனுப்பிவிட்டால்?

எட்டு மெஷின் வாங்கின காசில் இந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஒரு ஆளை எத்தனை வருடம் உட்கார வைத்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். பீடோங், கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணிக்கு வடக்கே, ஜெராய் மலையைப் பார்த்தபடி இருக்கும் சின்ன டவுன். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், அப்புறம் செம்பனை, இப்போது பாதிக்கு வீடுகள். நான் தோட்டத்துப் பிள்ளை. அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா வெளிக்காட்டு வேலை. விடிகாலை ஆள் எண்ணும் பெரட்டு, காண்டாக் கம்பில் தொங்கும் பால் வாளி, ஸ்டோரில் நிறுவை, இதையெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கதைக்கு வேண்டியது ஒன்றுதான். வீடு, தண்ணீர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை, கிளினிக், பள்ளிக்கூடம், கோயில் எல்லாமே தோட்டத்துக்குச் சொந்தம். வேலை உள்ளவரை வீடு. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது ஆள் தேவை குறைந்தது. பால்மரத்திடம் ஒருநாள் விட்டு ஒருநாளாவது போக வேண்டும். செம்பனைக் குலைக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று போதும்.

2006இல் எங்கள் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். வேலை நீக்கத்துக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறை ஒன்று உண்டு: ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு இருபது நாள் சம்பளம். அது கிடைத்தது. அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டி இந்தத் தாமானில் மலிவு வீடு எடுத்தவர்கள் தேறினார்கள். மகள் கல்யாணத்துக்கும் மகன் மோட்டார் சைக்கிளுக்கும் கொடுத்தவர்கள் வாடகைக்குப் போனார்கள். தோட்டத்தில் இருந்தவரை எல்லாவற்றுக்கும் ஒரே இடம், கிராணி (குமாஸ்தா) ஆபிஸ். வெளியே வந்தபின் ஒவ்வொன்றுக்கும் ஒரு இலாகா, ஒவ்வொரு இலாகாவுக்கும் ஒரு பாரம், அதாவது படிவம். ஐம்பது வயதுவரை பாரத்தையே தொடாதவர்களை அது எப்படிப் பயமுறுத்தும் என்று, இருபத்தேழு வருடம் தொழிற்சாலையில் கணக்கு எழுதிய எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

மருந்தக்காவின் கடிதத்துக்கு அடுத்த சனிக்கிழமை, ராத்திரி எட்டு மணிக்கு, என் வீட்டு முன்னால் ஐந்தடி நடைபாதையில் மேஜை போட்டேன். தெரிந்த ஏழெட்டு வீட்டில் சொல்லி வைத்தேன்: உங்கள் வீட்டு ரொட்டி டின்னைக் கொண்டு வாருங்கள். எங்கள் பக்கத்தில் பிஸ்கட்டை ரொட்டி என்போம். ரொட்டி தீர்ந்ததும் அந்தச் சதுர டின்தான் வீட்டின் பேங்க், லாக்கர், ஆவணக் காப்பகம். பிறப்புப் பத்திரம், ஊசி போட்ட அட்டை, பழைய சம்பளச் சீட்டு, செத்துப்போனவரின் ஐசி எல்லாம் அதில்தான் இருக்கும்.

அன்று ராத்திரி ஒன்பது டின். திறந்து பார்த்தால் ஒரே ஆளுக்கு மூன்று பெயர். பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி, ஐசியில் லச்சிமி, சேமநிதியில் லெச்சுமி. யார் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருக்கிறார்கள். ஒரு பாட்டிக்கு வயது ஐசியில் ஆறு வருடம் குறைவு. மூன்று குடும்பங்களில் கோயிலில் தாலி கட்டிய படம் இருந்தது, கல்யாணப் பதிவு இல்லை. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணம் பதிவு செய்தால்தான் சட்டப்படி செல்லும். தோட்டத்தில் பலருக்கு அந்தச் சேதி போய்ச் சேரவே இல்லை. சாமி முன்னால் கட்டியாகிவிட்டது, இன்னும் என்ன என்பதுதான் எண்ணம். புருஷன் இறந்தபிறகு பென்ஷன் கேட்கப் போகும்போதுதான் அது முகத்தில் அறையும்.

என் அப்பாவின் டின்னிலும் ஒரு பழைய காகிதம் இருந்தது: தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

சனிக்கிழமை மேஜை நிலைத்துவிட்டது. முதல் வருடம் கற்றுக்கொண்டவை எல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஒரு நோட்டுப்புத்தகம் வைத்தோம். தேதி, பெயர், என்ன வேலை, எந்த ஆபிஸ் முகப்பு என்று கோடு போட்டேன். ஐந்தாவது கோட்டை மருந்தக்காதான் போடச் சொன்னார்: என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஐந்தாவது கோடுதான் எங்களுக்குப் பெரிய சொத்தானது. எட்டு மாதத்தில் எந்த வேலைக்கு என்ன பத்திரம், அசல் வேண்டுமா நகல் போதுமா, சாட்சி யார் வர வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஒருவர் திரும்பி வந்தால் அடுத்த பத்துப் பேர் திரும்ப வேண்டியதில்லை. உதவி செய்ய நினைப்பவர்களிடம் வேறெதுவும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்வேன்: கிடைத்ததை எழுதாதீர்கள், கிடைக்காமல் போனதற்குச் சொன்ன காரணத்தை எழுதுங்கள்.

அடுத்தது கூலி. ஆபிஸுக்குப் போவது இலவசம் என்று நினைப்பவர்கள் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். நாள் கூலிக்காரருக்கு ஒரு முகப்புக்குப் போய் வர பஸ் காசு, சாப்பாடு, நகல் காசு, அதோடு முழு நாள் கூலி. இரண்டு தடவை அலைந்தால் மூன்றாவது தடவை போகமாட்டார். அதைச் சோம்பேறித்தனம் என்று சொன்ன படித்தவர்களையும் பார்த்தேன். நாங்கள் நான்கு பேருக்கு ஒரு கார் என்று சேர்த்தோம். ஒருவர் வரிசையில் நின்றால் மற்றவர் நகல் எடுப்பார். படுக்கைப் பிள்ளை வைத்திருக்கும் அம்மா போக வேண்டிய நாளில் ஒரு பாட்டி அந்த வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். சமூக நல இலாகாவில் பதிந்து மாற்றுத்திறனாளி அட்டை வாங்க, நாங்கள் ஓகேயூ அட்டை என்போம், அந்த அம்மாவுக்குப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. பாட்டி உட்கார்ந்த பிறகு ஐந்து வாரம்.

எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, மறைப்பானேன். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வேலை நின்றபோது, அரசாங்கம் குடும்பங்களுக்கு உதவிப் பணம் அறிவித்தது. மாதம் நாலாயிரத்துக்குக் கீழே வருமானம் உள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி, அதாவது ரிங்கிட். டின்னைச் சரிபண்ணி வைத்திருந்த வீடுகளுக்கு அலைச்சல் இல்லாமல் வந்தது. அதுவரை ஒதுங்கி நின்றவர்களும் மேஜைக்கு வந்தார்கள். அறுபது வீடுகள் சேர்ந்தன. எல்லாப் பாரத்தையும் நானே நிரப்பினேன்.

2022இல் எனக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. மூன்று மாதம் படுக்கை. எழுந்து வந்து நோட்டைத் திறந்தால், நான் மருத்துவமனைக்குப் போன வாரத்தோடு எழுத்து நின்றிருந்தது. ஒரு வரிகூட இல்லை. யாரும் வரவில்லையா என்று கேட்டேன். "வந்தோம். நீ இல்லன்னு திரும்பிட்டோம்" என்றார்கள். தையல் வகுப்புக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் மெஷினை விட்டுப் போனார்கள், நான் அதுகூட இல்லை.

அன்றைக்குப் பிறகு ஒரு கட்டுப்பாடு வைத்தோம். மேஜையில் நான் பேனா தொடக்கூடாது. மூன்று பேர் முன்வந்தார்கள். தொழிற்சாலை ஷிப்ட் பார்க்கும் ஒரு பெண். இனிப்புநீரால் (நீரிழிவு) ஒரு காலை இழந்த, முன்னாள் லாரி ஓட்டுநரான ஒரு அண்ணன். அப்புறம் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் ஒரு சின்னப் பெண். முதல் ஆறு மாதம் நிறையப் பிழை வந்தது. ஒரு தாத்தாவின் பாரத்தில் ஆண் என்ற இடத்தில் பெண் என்று போட்டு அவரை அலைய விட்டோம். எனக்குக் கை துறுதுறுத்தது. பேசாமல் இருந்தேன், பேசாமல் இருப்பதுதான் இதில் எனக்குக் கஷ்டமான வேலை. கால் இழந்த அண்ணன் இருப்பதில் ஒரு நன்மை நாங்கள் எதிர்பாராதது: உடம்பு முடியாதவர்கள் அவரிடம்தான் வாய் திறக்கிறார்கள். என்னிடம் 'ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் கால் வலி' என்றவர், அவரிடம் புண் ஆறவில்லை என்பதைச் சொல்கிறார்.

அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றி. அப்பா மலேசியர், எங்கள் தோட்டத்துக்காரர். அம்மா இந்தோனேசியாவிலிருந்து செம்பனை வேலைக்கு வந்தவர். பிள்ளைக்கு நான்கு வயதானபோது ஊர் திரும்பிவிட்டார். கோயிலில் மாலை மாற்றியதோடு சரி, பதிவு இல்லை. பதிவில்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் தாயின் குடியுரிமையைத்தான் பார்க்கும். எனவே இந்த மண்ணில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாயில் என்னைவிட நன்றாக எழுதும் அந்தப் பெண்ணுக்குப் பிறப்புப் பத்திரத்தில் 'பூக்கான் வார்கா நெகாரா', குடிமகள் இல்லை என்றிருக்கிறது. பன்னிரண்டு வயதில் எல்லாப் பிள்ளைகளும் மைகாட் என்ற ஐசி எடுக்கப் போன நாளில் அவள் வயிற்று வலி என்று பள்ளிக்குப் போகவில்லை. காய்ச்சலுக்கு அரசாங்கக் கிளினிக்கில் எங்களுக்கு ஒரு வெள்ளி. அவளுக்கு வெளிநாட்டவர் கட்டணம்.

அரசியலமைப்பில் 15ஏ என்றொரு பிரிவு உண்டு. குறிப்பிட்ட வயது வரம்புக்கு உட்பட்டவரைச் சிறப்புச் சூழ்நிலையில் குடிமகனாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் தருவது. அதன் கீழ் மனுப் போட்டிருக்கிறோம். ஒருமுறை காரணம் சொல்லாமல் நிராகரிப்பு வந்தது, மறுபடி போட்டோம். பிறந்த மருத்துவமனைச் சீட்டு, ஊசி அட்டை, ஒவ்வொரு வருடத்துப் பள்ளி அறிக்கை, அப்பாவோடு எடுத்த படங்கள், தலைமையாசிரியர் கடிதம் எல்லாவற்றையும் வருட வாரியாக அடுக்கினோம். அவளுக்கு இப்போது பதினேழு. இதே நிலையில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், பதினெட்டு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனுவுக்குப் பதில் வர வருடக்கணக்காகும். கடிகாரம் அந்த வயது வரம்பில் நின்றுவிடும். கல்யாணத்துக்கு முன்னால் இருப்பவர்கள், பிள்ளை பிறப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் வாரத்திலேயே அதற்கும் மனுப் போட்டுவிடலாம்.

ஊருக்கெல்லாம் பாரம் நிரப்புகிறவள் அவள்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

மருந்தக்காவுக்கு வருகிறேன். இருபத்திரண்டு வருடம் முதுகில் பம்பு சுமந்தவர். முதல் பாதி பாராகுவாட் காலம். அந்தக் களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை. அதற்கு முன்னால் அடித்தவர்களுக்கு நகம் கறுத்து உரியும், மூக்கில் ரத்தம் வரும். கையுறை கொடுத்தால் வெயிலில் போட முடியாது, கழற்றி வைத்தால் திட்டு விழும். தடை வந்த சேதியைச் சொன்னபோது "இப்பவா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் வேலை செய்யும் தோட்டத்தின் வாசலில் நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் பெற்றது என்று பலகை இருக்கிறது. எம்எஸ்பிஓ என்ற அந்த மலேசியச் சான்றிதழ் 2020லிருந்து கட்டாயம். காடு, மண், தண்ணீர் பற்றியது மட்டும்தான் அது என்று நினைத்திருந்தேன். கால் இழந்த அண்ணன்தான் அதைத் தேடிப் படித்தார். தொழிலாளியின் பாதுகாப்பும் அதில் வருகிறது, குத்தகைக்காரரின் ஆட்களும் அதில் அடக்கம், குறைகளை வாங்கிப் பதில் சொல்லும் முறையும் தோட்டத்தில் இருந்தாக வேண்டும். இது எங்களுக்குப் பெரிய கதவு. மருந்தக்காவின் சம்பளச் சீட்டில் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா பிடித்ததாக எதுவுமே இல்லை. குத்தகைக்காரரிடம் வாயால் கேட்டு ஒரு வருடம் ஓடியது. தோட்ட நிர்வாகத்துக்கு, குறைகேட்புப் பிரிவு என்று மேலே போட்டு, தேதியோடு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். வாங்கியதற்கு முத்திரை கேட்டோம். இரண்டு வாரத்தில் குத்தகைக்காரர் வீட்டுக்கு வந்தார், கையில் ஆரஞ்சுப் பழத்தோடு. பழத்தை மருந்தக்கா வாங்கிக்கொண்டார். சந்தாவும் கட்ட ஆரம்பித்தார்கள்.

அந்த வெற்றியால் எங்களுக்குள் ஒரு பிளவும் வந்தது. அதே குத்தகைக்காரரிடம் குலை வெட்டும் ஒரு வங்காளதேசத்துத் தம்பிக்குக் கண்ணில் அடி. மேலே பார்த்து நீள அரிவாளால் வெட்டும்போது தூசும் முள்ளும் கண்ணில் விழுவது இந்த வேலையில் சாதாரணம். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பெர்கேசோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. அவனை மருந்தக்கா மேஜைக்குக் கூட்டி வந்தார். உடனே முணுமுணுப்பு. அவர்கள் குறைந்த கூலிக்கு வந்ததால்தானே நம் பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் வேலை போனது, நம் ஆளுக்கே இங்கே வரிசை நிற்கிறது என்றார்கள். நான் மறுக்கவில்லை, கூலி குறைந்தது உண்மை. ஆனால் கூலியை வைத்தது அந்தத் தம்பி இல்லை. அவனை விபத்துக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் பக்கத்தில் நிற்கும் மருந்தக்காவையும் சேர்க்காமல் விடுவது குத்தகைக்காரருக்குச் சுலபம் என்று சொன்னேன். பாதிப் பேர் ஏற்றார்கள். இரண்டு குடும்பம் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டது, இன்றுவரை வரவில்லை. கோயிலில் பார்த்தால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். தம்பிக்குச் சிகிச்சையும் விடுப்புக் காசும் கிடைத்தது. பார்வை முழுதாகத் திரும்பவில்லை.

இப்போது அப்பாவின் பங்குப் பத்திரம். ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பம் தெருவுக்கு வந்தது. 1960இல், மலேசிய இந்தியர் தலைவர்களில் ஒருவரான துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கியதுதான் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டினால் நூறு வெள்ளிப் பங்கு. அந்தப் பணத்தில் முதலில் வாங்கியது எங்கள் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். பத்து வெள்ளி அப்போது சின்னக் காசில்லை. கட்டிய மாதங்களில் அம்மாவோடு சண்டை நடந்ததாக அப்பா சொல்வார். மரம் வெட்டுகிறவன் காசிலேயே தோட்டம் வாங்க முடியும் என்பதை யாரோ ஒருவர் தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாக நடந்துபோய்ச் சொன்னார், அந்த நடைதான் எனக்கு அதில் பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் தாமானிலும் பெண்களிடம் சேமிப்பு இருந்தது. கூட்டுப் பிடிப்பார்கள். இருபது பேர் மாதம் நூறு போட்டு ஆளுக்கொரு மாதம் எடுப்பது. இதைத் தொழிலாக நடத்தத் தடை போட்ட 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே நம் 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது. மலாய்க்காரர்களும் 'கூத்து' என்றுதான் சொல்கிறார்கள். பிடித்தவர் ஓடிவிட்டால் போலீஸுக்கும் போக முடியாது. 2021இல் எங்கள் வரிசையிலேயே ஒருவர் ஓடினார். எனவே பணத்தை ஒருவர் கையில் சேர்க்காமல், அவரவர் பெயரில் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். 2022 டிசம்பரிலிருந்து பெர்கேசோவில் ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்ட இல்லத்தரசிகளுக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம் வந்திருக்கிறது. சந்தா வருடத்துக்கு 120 வெள்ளி, மொத்தமாகக் கட்ட வேண்டும். மொத்தமாக 120 என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சனிக்கிழமை மேஜையில் ஆளுக்கொரு கண்ணாடிப் போத்தல் வைத்தோம். மாதம் பத்து வெள்ளி. வருடக் கடைசியில் அவரவர் போத்தலை உடைத்து அவரவர் பெயரில் கட்டுகிறோம். பத்தொன்பது பேர் இருக்கிறார்கள்.

தொழில் என்று பார்த்தால், வெற்றி என்று சொல்ல ஒன்றுதான். ஒரு தங்கச்சி விடிகாலை நான்கரைக்கு இட்லி அவித்துத் தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்தில் விற்கிறாள். அவளிடம் பயிற்சி வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. பத்து வருடமாக இட்லி அவிக்கிறவளுக்கு என்ன பயிற்சி? அவளுக்குக் குறை ஒன்றுதான்: பானை சின்னது. ஐம்பது இட்லியில் தீர்ந்துவிடும், மறு ஈடு அவிப்பதற்குள் பஸ் போய்விடும். அடமானம் இல்லாமல் சிறுகடன் தரும் அமானா இக்தியாரில், ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து கடன் எடுத்தாள். பெரிய பானை, இரட்டை அடுப்பு. வாரத் தவணை என்பதால் வாரக் கையிருப்பு உள்ள தொழிலுக்குத்தான் அது ஒத்துவரும். தீபாவளிக்கு மட்டும் முறுக்குச் சுடும் அக்காவுக்கு அதே கடன் கழுத்தைப் பிடித்தது. இரண்டு பேரையும் ஒரே குழுவில் சேர்த்தது என் யோசனைதான். முறுக்கு அக்காவின் கடைசி ஐந்து தவணையை மற்ற நால்வரும் பங்கு போட்டுக் கட்டினார்கள், என்மேல் கோபத்தோடு.

போன வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு. வேறொரு நிறுவனம். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். வசதி குறைந்த பெண்களுக்குக் கேக் செய்யும் பயிற்சி, ஓவன் அவர்களே கொடுப்பார்கள், இருபத்தைந்து பெயர் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப முடியுமா அக்கா என்றார்.

"பெயர் இருக்கட்டும் தம்பி. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வாங்க. கோப்பி தர்றோம். சும்மா உட்கார்ந்து பாருங்க."

"சனிக்கிழமை ஆபிஸ் லீவு, அக்கா."

"எங்களுக்கும் அன்னிக்குத்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், கார் நிறுத்த இடம் இருக்குமா என்று கேட்டார். மண்டபத்து வாசலில் நிறைய இடம் இருக்கிறது என்றேன். வந்தால் பின்னறையையும் திறந்து காட்டுவதாக இருக்கிறேன். சாவி பாட்டியிடம்தான், வெற்றிலைப் பெட்டியோடு.